பின்சீட்டுக்கு நிஜத் தோல்

வலது பக்கக் கண்ணாடியில்தான் அதை முதலில் பார்த்தேன்.

ஆம்பூரில் எங்கள் சர்ச் வாசல். மே மாதத்து முற்பகல். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வசதிக்காக வெறுங்காலோடு, சத்துவாச்சாரியிலிருந்து நான்தான் வண்டியை ஓட்டி வந்திருந்தேன். பின்சீட்டில் கல்யாணப் பெண்ணாக என் மகள் எஸ்தர். அவள் பக்கத்தில் அவளுடைய அப்பா ராஜரத்தினம். பெண்ணை அப்பாதான் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டும் என்பதால் இருவரையும் சேர்த்துப் பின்னால் உட்காரவைத்திருந்தேன்.

வண்டி நின்றும் நிற்காததுமாக இவர் இறங்கினார். வாசலில் நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அப்போது அவர் முதுகு என் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது.

வெள்ளைச் சட்டை. தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் பழுப்பு. நடுவில் சீட்டின் தையல் ஓடிய இடம் மட்டும் கோடாக வெளுத்திருந்தது. வேட்டியைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். கறை என்ற வார்த்தைகூட எனக்கு உடனே வரவில்லை. 'டான்' என்று அந்த நிறத்தின் பெயர்தான் வந்தது. ஷூ கம்பெனியில் தோலைப் பரிசோதிக்கும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு வேறு எப்படி வரும்?

உள்கண்ணாடியில் எஸ்தரைப் பார்த்தேன். அவளும் அப்பாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக முன்னால் சாய்ந்து தன் முதுகைத் தடவினாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வெள்ளைப் பட்டுக்குப் பின்னால் போன கை பழுப்பாகத் திரும்பி வந்திருந்தது.

"மா, சொல்லாத" என்றாள்.

"இன்னாடி சொல்லாத? முதுகு பூரா..."

"அப்பாகிட்ட சொல்லாதம்மா. எல்லாம் முடியட்டும்."

அதற்குள் இவர் வண்டியைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"இறங்கு பாப்பா. பாத்து, புடவை பத்திரம்" என்றார்.

யார் வண்டி?

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த மனுஷன் முகம் அன்றைக்கு ஏன் அப்படி மலர்ந்திருந்தது என்று தெரியாவிட்டால், மகள் ஏன் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள் என்பதும் புரியாது.

இவரும் நானும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. நான் தோல் ஸ்டோரில் குவாலிட்டி. இவர் கட்டிங் செக்ஷனில் சூப்பர்வைசர். ஆம்பூர்க்காரர்களான நாங்கள் மகள் படிப்புக்காக சத்துவாச்சாரிக்குக் குடிவந்தோம். வந்த பிறகு கம்பெனி பஸ்ஸோடு எனக்கு ஒத்துவரவில்லை. அது எல்லா ஊரிலும் நுழைந்து, எல்லோரையும் அள்ளிக்கொண்டு, நம்மை இறக்கிவிடும்போது முதுகெலும்பு தனியாக வரும்.

அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா வெளிநாடு போகிறார்கள், வண்டியை விற்கிறார்கள் என்று தெரிந்தது. வெள்ளி நிறத்தில் சின்ன ஹேட்ச்பேக். பின்னால் டிக்கி என்று ஒரு பேச்சுக்கு இருக்கும். ஒரு அரிசி மூட்டையை வைத்தால் தேங்காய்க்கு இடம் இருக்காது. வாங்கிவிட்டேன். என் பெயரில்.

டிரைவிங் ஸ்கூலில் முதலில் சேர்ந்தது இவர்தான். காட்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் பழகினார். அடுத்து ரோட்டுக்கு வந்த அன்றைக்கு, பிரேக் என்று நினைத்து வேறு ஒன்றை மிதித்து, ஓர் இளநீர்க் கடையின் பெரிய குடையைச் சாய்த்துவிட்டார். ஆளுக்கும் காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. குடைக்காரர் திட்டிய திட்டுகளை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

அன்று சாயங்காலம் சாவியை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு காலுக்கு மூணு பெடலு. கணக்கு எனக்கு ஒத்துவரல கிரேஸு. நீ கத்துக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். கற்றுக்கொண்டேன். எனக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஆரம்பித்தது அவருக்குத் தொல்லை.

பெட்ரோல் பங்கில் பையன்கள் இவரிடம்தான் கேட்பார்கள். இவர் "அவங்கள கேளு" என்று என்னைக் கைகாட்டுவார். கல்யாண வீடுகளில் யாராவது, "இன்னா ராஜரத்தினம், டிரைவரம்மா கிளம்பலாம்னு சொன்னாதான் கிளம்புவியா?" என்பார்கள். இவர் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அது தெரியும். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஆறுதல் சொன்னால் இன்னும் கோபம் வரும். நான் பாட்டுக்கு வண்டியைத் துடைத்தேன், காற்று பிடித்தேன், சர்வீஸுக்கு விட்டேன். அவர் பாட்டுக்கு இடது பக்கம் உட்கார்ந்து எனக்கு வழி சொன்னார், எனக்குத் தெரிந்த வழியை.

சின்ன வண்டியோடு குடித்தனம்

சின்ன வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், அது வண்டி இல்லை, வீட்டில் இன்னொரு ஆள். அதற்கும் உடம்புக்கு வரும், கோபம் வரும், சில நாள் காரணமே இல்லாமல் முனகும்.

நெடுஞ்சாலையில் பெங்களூரு போகும் லாரியை முந்துவது என்பது எங்கள் வண்டியில் ஒரு குடும்ப முடிவு. முதலில் ஏசியை அணைக்க வேண்டும். பிறகு கியரைக் குறைக்க வேண்டும். பிறகு எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். பாதி முந்தியதும் லாரி டிரைவர் மேலிருந்து குனிந்து பார்ப்பார். ஓட்டுவது ஒரு பொம்பளை என்று தெரிந்ததும் அவருக்கு உடனே வேகம் வந்துவிடும். எனக்கும் வரும். வண்டிக்கு வராது.

தினமும் என்னோடு வருகிறவள் சாந்தி. எனக்கு ஸ்டோரில் ஜோடி. வண்டி வந்த புதிதில் எங்கள் போதகர் வந்து பானெட்டில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அடுத்த நாள் சாந்தி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் எடுத்து வந்துவிட்டாள்.

"ஜெபம் பண்ணியாச்சேடி" என்றேன்.

"அது மேலுக்குக்கா. இது டயருக்கு" என்றாள். ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினோம்.

தோல் தொழிற்சாலைகள் இருக்கிற தெருக்களில் வேகத்தடையை யார் அளந்து போடுகிறார்களோ தெரியாது. ஒவ்வொன்றிலும் எங்கள் வண்டியின் வயிறு உரசும். உரசும்போது சாந்தி தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றிய சந்துகளில் பெரிய பெரிய கார்கள் இடம் தேடி அலையும்போது, நான் இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் சொருகிவிட்டு இறங்கிப் போவேன். அந்த நேரத்தில் வரும் கர்வம் இருக்கிறதே, அதற்காகவே சின்ன வண்டி வாங்கலாம்.

சனிக்கிழமை ஆம்பூரில் பிரியாணி பார்சல் வாங்கினால் திங்கட்கிழமை வரைக்கும் உள்ளே வாசனை நிற்கும். வெளியூர்க்காரர்கள் ஏறினால் மூக்கைச் சுளிப்பார்கள். பிரியாணிக்காக இல்லை. எங்கள் துணியில், பையில், தலைமுடியில் இருக்கிற தோல் வாசனைக்காக. எங்களுக்கு அது தெரிவதே இல்லை.

எஸ்தர் அந்தப் பின்சீட்டில்தான் பரீட்சைக்குப் படித்தாள், தூங்கினாள், வேலை கிடைத்த செய்தியைச் சொன்னாள். ஜோயலைப் பற்றிச் சொன்னதும் அங்கே உட்கார்ந்துதான். நான் ஸ்டியரிங்கில் இருந்தால் திரும்பி முறைக்க முடியாது என்று பார்த்துச் சொல்லியிருக்கிறாள், கள்ளி.

பிளாஸ்டிக் மேலயா உக்கார்றது?

ஜோயல் பெங்களூரு பையன். எஸ்தரோடு வேலை பார்க்கிறவர். நல்ல குடும்பம். எங்களைவிட வசதி ஜாஸ்தி, அதைக் காட்டிக்கொள்வது கம்மி. அவருடைய அம்மா ஒருநாள் போன் செய்தார்கள்.

"கல்யாணத்தன்னைக்கு பொண்ணு வர்றதுக்கு எங்க கார அனுப்பி வைக்கிறோம். பெருசு, வசதியா இருக்கும்."

அன்போடுதான் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நம் வண்டியையும் ஓட்ட முடியவில்லை, மகளைக் கூட்டிப் போகவும் வேறு வண்டி வருகிறது. வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

எஸ்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் சொன்னாள்: "நான் நம்ம கார்லதான் வருவேன். அம்மா ஓட்டட்டும். அப்பா என்கூட பின்னாடி உக்காரட்டும்."

அறைக்குள்ளிருந்து இவர் குரல் வந்தது. "அந்தக் கிழிஞ்ச சீட்லயா?"

உண்மைதான். பின்சீட்டின் துணி கிழிந்து, உள்ளிருந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரெக்ஸின் போட்டுவிடலாம் என்றேன். அவ்வளவுதான், மனுஷன் வெளியே வந்துவிட்டார்.

"ரெக்ஸினா? பிளாஸ்டிக் மேலயா உக்கார்றது? அப்புறம் நாம இன்னாத்துக்கு தோல்ல வேலை செய்றோம்? எம்பொண்ணு நிஜத் தோல் மேல உக்காந்து வரணும்."

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் திறந்து போட்டு, காகிதத்தை சீட்டின்மேல் விரித்து அளவெடுப்பார். ஷூவுக்கு எடுப்பது போலவே, ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி அச்சு. ஆம்பூரில் கம்பெனிகளில் மிஞ்சிய தோல் லாட்டுகளை விற்கும் கடைகளில் ஏறி இறங்கினார். என்ன தோல் என்று எனக்குக் காட்டவே இல்லை. "கல்யாணத்தன்னைக்குப் பாரு" என்றார். தெரிந்தவருடைய ஷெட்டில் வைத்து வெட்டி, தைத்து, மாட்டி எடுத்துவந்தார். வந்தபோது எல்லா சீட்டுக்கும் மேலே கண்ணாடி பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது.

"கல்யாணத்தன்னைக்குத்தான் பிரிப்பேன். அதுவும் பின்சீட்டு மட்டும்."

உறைக்கு மேலிருந்தே பார்த்தேன். அழகு என்றால் அழகு. டான் நிறத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு வடு இல்லாமல். தோலில் எந்த இடம் இழுபடும், எந்த இடம் தாங்கும் என்று விரல் வைத்தே சொல்லிவிடுவார். அதில் அவரை மிஞ்ச எங்கள் கம்பெனியில் ஆள் கிடையாது.

ஆனால் கம்பெனியில் ஒரு முறை இருக்கிறது. தோல் முதலில் எங்கள் ஸ்டோருக்கு வரும். வெள்ளைத் துணியை ஈரம் பண்ணி அதன்மேல் தேய்ப்போம். வெட் ரப் என்று பெயர். துணியில் நிறம் ஏறினால் லாட் திரும்பிப் போய்விடும். ஏறாவிட்டால்தான் கட்டிங்குக்குப் போகும். அதாவது இவர் கைக்கு வருகிற தோல் எல்லாம் எங்களிடம் தேறியது. நிறம் ஒட்டுமா என்ற கேள்வியை இவர் வாழ்நாளில் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

கடையில் போய்க் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். எது ரொம்ப மெத்தென்று இருந்ததோ அதை எடுத்திருக்கிறார். மேல்பூச்சு இல்லாத ரகம்தான் அப்படி மெத்தென்று இருக்கும். ஈரம் பட்டால் சாயத்தை விடுவதும் அந்த ரகம்தான். மாப்பிள்ளையை விசாரித்ததில் பாதியாவது அந்தத் தோலை விசாரித்திருக்கலாம்.

முள் ஏறியது

கல்யாணத்தன்று காலையில் எதிர்வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்து, பின்சீட்டு உறையைப் பிரித்தார். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். "இன்னா சாஃப்ட்டு!" என்றார்கள். உலர்ந்த கைகள். ஒன்றும் தெரியவில்லை.

பூக்காரர்கள் எங்கள் வண்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்களோ என்னவோ, சின்ன வண்டிக்குப் பெரிய வண்டியின் அலங்காரத்தைச் செய்துவிட்டார்கள். ரோஜாவும் சம்பங்கியுமாக, முன்பக்கம் காற்று போகிற கிரில்லை அடைத்து மெத்தை மாதிரி கட்டியிருந்தார்கள். கிளம்பும்போது நேரமாகிவிட்டது. நானும் அதைக் கவனிக்கவில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ஏசியில் வெறும் காற்று வந்தது. வெப்பம் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஏங்க, ஓரம் கட்டி அந்தப் பூவைப் பிச்சுப் போட்டுடறேன். இன்ஜினுக்குக் காத்து போகல."

"பூவைப் பிச்சுட்டு மொட்டையாவா போய் நிப்போம்? அவங்க ஆளுங்கல்லாம் வாசல்ல நிப்பாங்க" என்றார்.

ஏசியை அணைத்தேன். ஜன்னலை இறக்கலாம் என்றால் எஸ்தரின் தலை அலங்காரம் கலைந்துவிடும். இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்தேன். அது வழியாக வந்தது காற்று இல்லை, அனல். மாதனூர் வருவதற்குள் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் சீட்டில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்ததால் எனக்கு அதோடு போயிற்று.

பின்னால் இவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "முன்னாடி தள்ளி உக்காராத பாப்பா. நல்லா சாஞ்சுக்கோ. நிஜத் தோலு, உடம்புக்குக் குளிர்ச்சி."

அவள் சாய்ந்துகொண்டாள். அவரும் சாய்ந்துகொண்டார்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள்

அப்படித்தான் சர்ச் வாசலில் வந்து நின்றோம். இருவரும் இறங்கிவிட்டார்கள். நான் வண்டியை ஓரமாகச் சொருகிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பெண்ணின் அம்மா வெறுங்காலோடு ஓடிவருவதைப் பெங்களூரு சொந்தங்கள் பார்த்து, இது இந்த ஊர் வழக்கம் போல என்று வழிவிட்டார்கள்.

ஆர்கன் வாசிக்க ஆரம்பிப்பதற்குள் எஸ்தரின் பின்னால் போய்ச் சேர்ந்தேன். தலையிலிருந்து தொங்கிய வெள்ளை நெட்டை எடுத்து மடித்தேன். இன்னொரு மடிப்பு. என் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றிக் குத்தினேன். பாதி மறைந்தது.

"இன்னா பண்ற?" என்றார் இவர்.

"முடி கலைஞ்சிருக்குங்க."

மகளை மறைத்தாயிற்று. இவரை எதை வைத்து மறைப்பது? கோட்டு போட்டால் கசகசவென்று இருக்கும் என்று வேண்டாம் என்றுவிட்டவர். மகளின் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடக்க ஆரம்பித்துவிட்டார்.

கதவோரம் நின்ற சாந்தி அவர் முதுகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா... வெட் ரப்..."

அவள் கையில் நறுக்கென்று கிள்ளினேன். "வாயைத் திறந்தே, நாளைக்கு உன்னை பஸ்ல அனுப்பிடுவேன்."

எங்கள் சபையில் தோலில் கை வைக்காத வீடு கம்மி. சாயம் போடுகிறவர், பாலிஷ் பண்ணுகிறவர், தைக்கிறவர் என்று வரிசைக்கு நாலு பேர். பழுப்பு முதுகு ஒவ்வொரு வரிசையாகத் தாண்டிப் போகப் போக, ஒவ்வொரு வரிசைக்கும் விஷயம் புரிந்தது. யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புரிந்த உடனே எல்லோரும் தலையைத் தூக்கி மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அத்தனை அக்கறையோடு மின்விசிறியைப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மகளின் கையை மாப்பிள்ளை கையில் கொடுக்கும்போது இவர் அழுதார். திரும்பி வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்:

"பாத்தியா? ஏசி இல்லாமயே சீட்டு இன்னா குளிர்ச்சியா இருந்திச்சி. அவங்க பெரிய கார்ல இருக்குமா இது?"

"இருக்காதுங்க" என்றேன்.

பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோதுதான் எனக்கு உயிர் போனது. அந்தப் பக்கம் நிற்பவர்கள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டார். உள்ளே நடந்து வந்தபோது பெண்ணின் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள், இனி அப்படி இல்லை. இவர் முதுகு அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த கட்டிங் செக்ஷன் ஆட்கள் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து, எங்களுக்கு நேர் பின்னால் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் இரண்டு பேர் கோயிலுக்கே வராதவர்கள். பாட்டும் தெரியாது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பெரிய கார்

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். இனி ஒன்றும் பயமில்லை, வீட்டுக்குப் போய் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போட்டோகிராபர் கெடுத்தார். பெங்களூரிலிருந்து வந்தவர். படிக்கட்டில் எங்களை வரிசையாக நிற்கவைத்தவர், உரக்கச் சொன்னார்:

"அங்கிள், நீங்க திரும்பாதீங்க. முதுகுல பெருசா ஏதோ ஒட்டிருக்கு. போட்டோல விழும்."

இவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். விரல்களைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். தோல்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எஸ்தரின் முதுகில் நாலு மடிப்பாகக் குத்தியிருந்த நெட்டைப் பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தது. போய் அந்த மடிப்பை இரண்டு விரலால் தூக்கினார்.

பிறகு மெதுவாக விட்டுவிட்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இளநீர்க் கடை முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

ரிசப்ஷன் ஹாலுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய கார் படிக்கட்டுக்கு நேராக வந்து நின்றது. கறுப்பு நிறம், உள்ளே ஜில்லென்று ஏசி. இவர் அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நீ இதுல போய்டும்மா" என்றார். "எம்மேல தப்பு. உன் புடவைய நாசம் பண்ணிட்டேன். இத்தினி ஜனம் பாத்திருக்கும்."

எஸ்தர் நகரவில்லை. "நான் இறங்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேம்பா. உங்க சட்டைய."

"தெரிஞ்சுமா எங்கையப் புடிச்சிகினு உள்ள வந்த?"

"வேற யார் கையப் புடிச்சிகினு வர்றது?"

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கறுப்புக் காரைத் தாண்டி, நான் ஓரத்தில் சொருகியிருந்த எங்கள் வண்டிக்கு விடுவிடுவென்று நடந்தாள். வாடிப்போன பூ மெத்தையோடு அது நின்றுகொண்டிருந்தது. பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஜோயல் தன் கோட்டைக் கழற்றி அவருடைய அம்மா கையில் கொடுத்தார். உள்ளே புத்தம்புது வெள்ளைச் சட்டை. வந்து அவள் பக்கத்தில் ஏறினார்.

நான் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். கிரில்லை அடைத்திருந்த பூவை சாந்தி இரண்டு கையாலும் பிய்த்துப் போட்டாள். இவர் முன்கதவைத் திறந்தவர் ஏறாமல், பாக்கெட்டிலிருந்த கைக்குட்டையை விரித்து மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வைக்கப் பார்த்தார். அந்தச் சின்னத் துணி எதை மறைக்கும்?

"தம்பி, சாயாதீங்க தம்பி. கலர் ஒட்டிக்கும்."

ஜோயல் அந்தக் கைக்குட்டையை வாங்கி, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒட்டட்டும் மாமா" என்றார். நன்றாகப் பின்னால் தள்ளி, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இவர் முன்னால் ஏறியதும் நான் வண்டியை எடுத்தேன். பெரிய கார் காலியாக எங்கள் பின்னால் வந்தது.